நாற்றங்காலில் படிந்த நுரை

குடவாசலுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கிணற்றில் துளையிடும் பொறியாளராக இருந்தேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அந்த ஊரில்தான். அவளுடைய மாமனார் கொடி பிடித்து, சிறைக்கும் போய், நில உச்சவரம்புச் சட்டத்தில் வாங்கிய நிலம் எங்கள் கிணற்று வேலியை ஒட்டி இருந்தது. கிணறே வேண்டாமென்று ஊரார் மனு கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அதனால் உள்ளே வேலை பார்ப்பது தன் தம்பி என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை.

அடியில் இருந்தது வெடிப்பு விட்ட பாறை, அழுத்தமும் குறைவு. துளைக்குள் செலுத்திய களிமண் குழம்பு மேலே திரும்பாமல் வெடிப்புகளுக்குள் இறங்கி, எண்ணெய் வரவேண்டிய வழியையே அடைத்தது. ரசாயனம் கலந்த, கனமில்லாத நுரையை விட்டால் பாறை அதை உறிஞ்சாது என்று நான்தான் சொன்னேன். அப்படியே நடந்தது. பாறைத்துகளை அள்ளிக்கொண்டு நுரை மேலே வந்தது. ஆனால் தொட்டியில் அடங்கவில்லை. பொங்கி, காற்றில் வேலி தாண்டிப் பறந்து, அக்காவின் சம்பா நாற்றங்காலில் வெள்ளையாகப் படிந்தது.

பம்பை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். கேட்டருகே கூட்டம். முன்னால் அக்கா, முழங்கால்வரை சேற்றோடு.

ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் காட்டி அவளிடம் கேட்டார். "ஏம்மா, இந்த ஆபீசர உனக்குத் தெரியுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க."

பாழானது அவளுடைய நாற்று. அப்போதும் அவள் காப்பாற்றியது என்னைத்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலையில் நாற்றங்காலுக்குப் போனேன். நாற்று மஞ்சளாகிக் கிடந்தது. அக்காவோடு அந்தப் பெரியவரும் இன்னும் சிலரும் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இவங்க தம்பிதாங்க," என்றேன்.

அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"தெரியும் தம்பி. கல்யாணப் பந்தியில நீங்கதான எனக்குச் சாம்பார் ஊத்துனீங்க. உங்கக்கா வாயால வரட்டும்னு கேட்டேன். தெரியாதுன்னுச்சு. சரி, விட்டுட்டோம்."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிற்க முடிந்திருக்கும்.

"வெயில்ல நிக்காதடா, போ," என்றாள் அக்கா.

பக்கத்து ஊரில் நாற்று வாங்கித் தாமதமாக நட்டார்கள். கிணற்றில் எண்ணெய் வந்தது. அலுவலகத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.