ஒன்பது முதல் மூன்று வரை

எங்கள் மருத்துவமனையில் இருப்பது ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர். யாருக்கு எப்போது என்று நேரம் ஒதுக்கும் ப்ரோகிராமை எழுதியவரைப் பட்டியல் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வருவதற்கு முன், டாக்டர்கள் போடும் சண்டையில் ஒரு நாளைக்கு நான்கு ஆபரேஷன் நடந்தாலே பெரிய விஷயம். தியேட்டர் நர்ஸ் என்பதால் எல்லாப் பக்கமும் திட்டு வாங்கியவள் நான்.

அவருடைய விதி எளிது. டாக்டர்கள் கேட்கும் நேரங்களில் எது முன்னால் முடிகிறதோ அதை முதலில் எடு. அதோடு நேரம் மோதுவதையெல்லாம் தள்ளு. மிச்சத்திலும் அதையே செய். எடுத்த முடிவைத் திரும்பிப் பார்க்காதே. இதைவிட அதிகம் பேருக்கு ஒரு நாளில் இடம் கொடுக்கத் தலைகீழாக நின்றாலும் முடியாது என்று தாளில் எழுதியே நிரூபித்தார். அடுத்த வாரமே ஒரு நாளைக்கு ஏழு. அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். நானும்தான்.

ஆறு மாதம் கழித்து அவருடைய அக்காவுக்குக் குடலில் கட்டி. பரவுவதற்குள் எடுத்தாக வேண்டும். ஆறு மணி நேர வேலை என்று டாக்டர் ஒன்பதிலிருந்து மூன்று வரை கேட்டார். தினமும் அந்த நேரத்துக்குள் சின்னச் சின்ன ஆபரேஷன்கள் புகுந்துகொண்டன. மூன்று வாரமாக அக்காவின் ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க கையாலயே ஒரு தடவை அக்கா பேரைப் போடுங்க சார். யாரு கேக்கப் போறா?"

"எங்கக்காவுக்கு நான் போட்டுடுவேன். மத்தவங்க அக்காவுக்கு யாரு போடுவா?"

பெரிய நியாயவான்! ஆத்திரத்தில், இதுவரை தள்ளப்பட்டவர்களின் பெயர்களைத் தேடி எடுத்து அவர் மேசையில் போட்டேன். அக்காவுக்கு முன்னால் ஐந்து பேர், எல்லாமே நீண்ட ஆபரேஷன். ஒருவர் நான்கு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். "உள்ள வந்தவங்களத்தான் எண்ணினேன் சிஸ்டர். வராதவங்கள எண்ணவே இல்ல."

அன்றே விதியை மாற்றினார். வாரத்தில் இரண்டு நாள், யார் அதிக நாள் காத்திருக்கிறாரோ அவருக்கே தியேட்டர். அந்த வரிசையில் அக்கா ஆறாவது. அப்போதும் அவர் கை வைக்கவில்லை. நான் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வாரம் அக்காவின் முறை வந்தது. ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனோம். ஒன்பது நாற்பதுக்கு டாக்டர் கையுறையைக் கழற்றினார். கட்டி ஈரல் வரை பரவியிருந்தது. திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து மூடிவிட்டார்.

நான்தான் வெளியே போய்ச் சொன்னேன். பட்டியல் சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப மூணு மணி வரைக்கும் தியேட்டர் காலி. வார்டுல இருக்கிறவங்கள வரச் சொல்லுங்க சிஸ்டர்."

அன்று இன்னும் நான்கு பேருக்கு ஆபரேஷன் நடந்தது. அழுதுகொண்டேதான் டாக்டருக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன்.