ஒன்பதாவது கொண்டை ஊசி

என் மனைவி மலைப்பாதையில் வேன் ஓட்டப் பழகிய மூன்று மாதமும் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றுதான். ஹேர்பின் பெண்டு என்ற சொல்லுக்கு அகராதி பார்த்தேன். குன்னூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் பயத்தை வேறெப்படிக் கழிப்பான்?

பார்க்கப் பார்க்க மரியாதை கூடியது. முடி, ஊசி, வளைவு என்று மூன்றைச் சேர்த்து ஒரே பெயராகக் கட்டியிருக்கிறார்கள். அதில் ‘பின்’ என்பது முதலில் மரத்தில் செதுக்கிய முளையாம். ‘பெண்டு’ என்றால் ஆதியில் கட்டுவது. வில்லில் நாணைக் கட்டினால் வில் வளையும், அப்படித்தான் வளைவதற்கே அது பெயரானது. மாட்டுவண்டிக் காலத்திலும் இந்தத் திருப்பங்கள் இருந்திருக்கின்றன. ஆனால் மோட்டார் வண்டி வந்த பிறகுதான் இந்தப் பெயர் பரவியதாம். யாரோ ஒரு துரை ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே, துரைசாணி தலையில் செருகியிருந்த வளைந்த கம்பியை நினைத்திருக்கிறான். உயிர் போகிற இடத்தில் அவனுக்கு அந்த நினைப்பு!

தமிழில் பெயர்த்தவரோ அவனை மிஞ்சிவிட்டார். முடி ஊசி என்று எழுதாமல் கொண்டை ஊசி வளைவு என்று எழுதினார். இன்று கொண்டை போடுகிறவர்கள் குறைவு. ஊசியும் கடைகளில் வேறு உருவத்துக்கு மாறிவிட்டது. பழைய ஊசியின் உருவம் தெரிய வேண்டுமானால் மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

எனக்குச் சொல் பிடிக்கும். இடம் பிடிக்காது. வளைவு வந்தால் பஸ்ஸிலேயே முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிற ஆள் நான்.

மனைவி அப்படியில்லை. தேயிலை ஃபேக்டரியில் பல வருஷம் தூள் சலித்தவள். அங்கே வேலை நாட்கள் குறைந்ததும், பள்ளிக்கூட வேன் ஓட்டுவதென்று முடிவெடுத்து, பழகி, லைசென்சும் வாங்கிவிட்டாள். வேன்கள் வைத்திருந்த பெரியவர் ஒரே நிபந்தனை போட்டார். “கீழ பர்லியார் வரைக்கும் வேனை ஒருக்கா இறக்கிக் காட்டுங்கம்மணி. எனக்குத் திருப்தின்னா வேலை உங்களுக்கு. இல்லீன்னா ஆம்பள டிரைவர் ஒருத்தர் கேட்டுட்டு இருக்காருங்க.”

அந்தச் சனிக்கிழமை காலை அவள் ஓட்டினாள், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். துணைக்கு வருகிறேன் என்று நானும் பின்னால் ஏறி, குழந்தைகள் உட்காரும் குட்டி சீட்டில் முழங்கால் தாடையில் இடிக்க அமர்ந்தேன். யாருக்குத் துணை என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வளைவுக்குச் சற்று மேலே வேனை நிறுத்தினாள். கீழிருந்து நீளமான லாரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அது இந்த மலையின் சட்டம். அவள் செய்தது சரி. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சரிவும், லாரியின் மூஞ்சியும், ஒற்றை ஹேண்ட்பிரேக்கை நம்பி நிற்கிற என் குடும்பமும்தான்.

மலையில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கல் வைப்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகத் தேடும். கதவைத் திறந்து குதித்தேன். ஓரத்தில் கிடந்த பெரிய கல்லைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டுச் சந்து ஏற்றம். இருபது வருஷமாக அங்கே ஏறி வந்து நிற்கிற வண்டிகளுக்கு அப்படித்தான் வைக்கிறேன். வண்டி இப்போது இறக்கம் பார்த்து நிற்கிறது, உருண்டால் முன்னால்தான் உருளும் என்பது மூளைக்கு எட்டவில்லை.

லாரிக்காரர் தலையை நீட்டினார். “அக்கா, ஒரு பத்தடி பின்னால எடுத்தீங்கன்னா ஒரே ஒடியா ஒடிச்சிருவனுங்க!”

அவள் ரிவர்ஸ் போட்டாள். சக்கரம் கல்லில் மோதியது. என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. வேன் ஓரடி முன்னால் சறுக்கியது. நான் கத்தியது பர்லியார் வரை கேட்டிருக்கும்.

அவள் கத்தவில்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, கல்லு எதுனா வெச்சீங்களா?”

“வெச்சேன்.”

“முன்னாலயா, பின்னாலயா?”

நான் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன். பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க.”

எடுத்தேன். அவள் மறுபடி ஸ்டார்ட் செய்தாள். கிளட்சைப் பாதி விட்டு, என்ஜின் முனகும் நேரம் பார்த்து ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். வேன் ஓர் அங்குலம்கூட முன்னால் போகாமல், மேட்டில் பின்னோக்கி நிதானமாக ஏறியது. தூள் சலிக்கும்போது அவள் மணிக்கட்டில் பார்த்திருக்கிறேன் அந்த நிதானத்தை. அப்போது அதை வெறும் வேலை என்று நினைத்திருந்தேன்.

லாரி ஒரே ஒடியில் திரும்பி என்னைக் கடந்தது. “அக்கா சூப்பருங்க!” என்ற டிரைவர் என்னைப் பார்த்தார். “அண்ணா, கல்லு ஊட்டுக்குங்களா?” அப்போதுதான் கவனித்தேன், அதைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தேன்.

ஓரமாகப் போட்டுவிட்டு வேனில் ஏறினேன். அடுத்த வளைவுகளில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே வந்தேன். வேலை போனால் அதற்குக் காரணம் அவள் கையல்ல, என் கை.

பர்லியாரில் இறங்கியதும் பெரியவர் டீ சொன்னார். ஒரு வாய் குடித்தார்.

“எங்கிட்ட இருக்குற டிரைவருங்க யாரும் அந்த எடத்துல அணைஞ்ச வண்டிய இப்படி எடுத்ததில்லீங்க. திங்கக்கெழமை ஏழு மணிக்கு வந்துருங்கம்மணி.”

அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஃபேக்டரியில் போலக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “சாரு மட்டும் ஊட்டுலயே இருக்கட்டுங்க.”