கிரிதரன் போட்ட சந்தேகக் குறி

கே.கே. நகர் கிரிதரன் பகலில் ஜரிகைக் கடையில் கணக்கு எழுதினார். மாலையில் தமிழைக் காத்தார். கடிதம் எழுத உதவும் இலவச மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் குழுவுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். 2005-இல் அந்தக் குழுவில் அவரைத் தவிர வேலை செய்தது ஒரே ஒரு ஆள்: பேரையூரில் பிரவுசிங் சென்டர் நடத்திய தமிழ்ச்செல்வி.

அவள் வரிகளை மொழிபெயர்த்து மின்னஞ்சலில் அனுப்புவாள். கிரிதரன் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, மென்பொருள் படிக்கும் அட்டவணையாக அவற்றைத் தொகுப்பார். சரிபார்க்காத வரியின் தலையில் 'சந்தேகம்' என்று ஒரு குறி இருக்கும். குறி உள்ள வரி அட்டவணைக்குள் போகாது. அந்த இடத்தில் ஆங்கிலமே நிற்கும். குறியை எடுக்கும் அதிகாரம் கிரிதரனுக்கு மட்டும். போடுவதில் அவர் தாராளம், எடுப்பதில் கருமி.

வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதனால் தன் தமிழில் எவனும் குறை கண்டுவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்கு அவர் வைத்த பெயர் தரம். 'தேடு' என்ற சொல்லுக்குக்கூட அகராதிகளைப் புரட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று குறி போட்டார்.

மென்பொருளின் புதிய பதிப்புக்கு வெள்ளிக்கிழமை இரவோடு கெடு. பெரும்பாலான வரிகள் தேறாத மொழியை, அதை வெளியிடுபவர்கள் சேர்க்க மாட்டார்கள். அன்று மாலை கிரிதரன் கட்டளையைத் தட்டினார். தேறியவை கொஞ்சம், மற்றதெல்லாம் சந்தேகம் என்றது திரை. போன் அடித்தது. தமிழ்ச்செல்வி.

"அண்ணே, குறியெல்லாம் எடுத்துட்டு அனுப்பிவிடுங்க. தப்பு இருந்தா அடுத்த பதிப்புல திருத்திக்கிருவோம்."

"'கேன்சல்'ங்கிறதுக்கு 'ரத்து'ன்னு எழுதியிருக்கியேம்மா, அது தமிழா?"

"எங்க ஊருக்கு வார பஸ்ஸே பாதி நாள் ரத்துதாண்ணே. அம்புட்டுப் பேருக்கும் தெரியும்."

"பஸ்காரன் தமிழையா நான் உலகத்துக்கு அனுப்புறது?"

அடுக்களையிலிருந்து மனைவி ராதாமணியின் குரல் வந்தது. "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இம்புட்டு யோசிக்கல."

கிரிதரன் குறிகளை எடுக்க உட்கார்ந்தார். முதல் வரியிலேயே ஏதோ உறுத்தியது. திருத்தினார். திருத்தியதும் உறுத்தியது. கெடு முடிந்தபோது அவர் இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

பதிப்பு வந்தது, தமிழ் இல்லாமல். 'தரத்தில் சமரசம் செய்துகொள்ளவில்லை' என்று குழுவுக்கு மடல் எழுதி, அதை மட்டும் சந்தேகமே இல்லாமல் அனுப்பிவைத்தார்.

மறுவாரம் தமிழ்ச்செல்வியிடமிருந்து பதில். சந்தேக வரிகளையும் சேர்த்துத் தொகுக்க அந்தக் கட்டளையிலேயே வழி உண்டு. அப்படியே தொகுத்துத் தன் சென்டர் கணினிகளில் போட்டுவிட்டாளாம். கிரிதரன் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பேரையூர் பஸ் பிடித்தார். நல்லவேளை, அன்றைக்கு பஸ் ஓடியது.

சென்டரில் மொக்கைச்சாமி என்பவர் பட்டா மாறுதலுக்கு ஒற்றை விரலால் மனு அடித்துக்கொண்டிருந்தார். கிரிதரன் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஐயா, இந்தச் சொல்லெல்லாம் உங்களுக்கு உறுத்தலையா?"

"எந்தச் சொல்லு? தமிழ்ல இருக்கு, அமுக்குறேன், வேலை நடக்குது. செத்தத் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

கிரிதரன் அடுத்த கணினியில் உட்கார்ந்தார்.

"வரியெல்லாம் இருக்கிற மூலக் கோப்பு எங்கம்மா?"

"எதுக்குண்ணே, குறி போடவா? தர மாட்டேன். டீ வேணும்னா சொல்றேன்."

வேறு வழியில்லாமல் தொகுத்த அட்டவணையையே திறந்தார். கட்டமும் கேள்விக்குறியுமாகக் கிடந்தது. எந்திரம் படிப்பதற்கு, மனிதன் படிப்பதற்கல்ல. குறி போட ஓர் இடம் தேடி அதை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மொக்கைச்சாமியின் மனு அச்சாகி வெளியே வந்தது.