ஐந்தாவது டப்பா

நான் கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. அன்றைக்கு என்கூட வந்த வேன் டிரைவர் அண்ணன் இன்றுவரை அந்தத் தெருப் பக்கம் வண்டியைத் திருப்புவதில்லை.

நான் ஒரு சமூக மையத்தில் வேலை பார்க்கிறேன். முன்கட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன், விளையாட்டு. பின்கட்டில் சமையல்கூடம். கஷ்டப்படும் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு டப்பா மதியச் சாப்பாடு. அள்ளி நிரப்புவது நான். வேனில் கொண்டுபோய்க் கொடுப்பது நான். மறுநாள் காலி டப்பாவைத் திரும்ப வாங்குவதும் நான்தான்.

நாலாவது மாடி, கடைசி வீடு. புதிதாகக் குடிவந்தவர்கள். அப்பா, மூன்று பிள்ளைகள். ஆனால் படிவத்தில் ஐந்து பேர் என்று எழுதியிருந்தார். மனைவிக்கு உடம்பு முடியவில்லையாம். உள்ளறையில் படுத்திருக்கிறாளாம். ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டு டப்பாக்களில் நான்கு கழுவி வரும். ஐந்தாவது கழுவாமல் வரும். ஆனால் உள்ளே ஒரு பருக்கை இருக்காது. மூலை முடுக்கெல்லாம் நக்கி எடுத்த மாதிரி பளபளக்கும்... திறந்தால் புளித்த எச்சில் வாடை. ஒருநாள் மூடியைத் தூக்கும்போது கொழகொழவென்று நூலாக நீண்டு என் விரலில் ஒட்டியது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நாய் வளக்கறாங்களாண்ணே?" என்று டிரைவர் அண்ணனிடம் கேட்டேன்.

"நாயாவது பூனையாவது! அந்தாளு பொண்டாட்டி பேரச் சொல்லி ரெண்டு டப்பா முழுங்கறான்மா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த ஆளைப் பார்த்தாலே அருவருப்பாக இருந்தது. எத்தனை குடும்பங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கின்றன! ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு டப்பாதான் கொடுத்தேன்.

"மேடம்... ஒண்ணு குறையுதே."

"வீட்ல நாலு பேர்தானே இருக்கீங்க?"

"அவ இருக்கா."

"அப்ப கூப்பிடுங்க. பாத்துட்டுத் தரேன்."

அவர் தரையைப் பார்த்தார். "புள்ளைங்க இருக்காங்க மேடம்..." என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள். புதன்கிழமை. 12.50.

கதவைத் திறந்தது மூத்த பெண். பத்து வயதிருக்கும். பள்ளிக்கூட லீவு. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அவள் பின்னால் இரண்டாவது பிள்ளையும் கடைக்குட்டியும் நின்றுகொண்டிருந்தன. கடைக்குட்டியின் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை செக்கச்செவேலென்று கன்றியிருந்தது. இடையிடையே தோல் ஊறி வெளுத்து... இன்னும் ஈரமாக.

அதே வாடை. டப்பாவில் வரும் அதே வாடை.

"என்னம்மா இது? யாரு செஞ்சா?"

"அம்மா."

"அடிச்சாங்களா?"

"இல்ல ஆன்ட்டி. பசி. டப்பா வந்துட்டா எங்ககிட்ட வரமாட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்றவளா இவள்? விறுவிறுவென்று போய் உள்ளறைக் கதவைத் தள்ளினேன். 12.54.

அதே வாடை முகத்தில் அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தினேன்.

கட்டில் இல்லை. பாய் இல்லை. ஆள் இல்லை. வெறும் தரை. சுவரில் மட்டும் இடுப்பு உயரம்வரை வெள்ளையடித்தது உரிந்து, கோடு கோடாக... நனைந்திருந்தது.

சளப்... சளப்... சளப்...

மூலையிலிருந்து வந்தது. நான் ஓர் அடி வைத்தேன்.

சத்தம் நின்றது.

பிறகு என் புறங்கையில் ஏதோ பட்டது. வெதுவெதுப்பாக. சொரசொரப்பாக. மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனிவரை... மெதுவாக.

குனிந்து பார்த்தேன். யாருமில்லை.

என் கை மினுமினுத்தது.

மறுபடியும்... இந்தத் தடவை விரல் இடுக்கில்.

கையை இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. கொண்டுவந்த டப்பாக்களில் ஒன்றைத் திறந்து உள்ளே தள்ளினேன். கதவைச் சாத்தினேன்.

உள்ளே டப்பா தரையில் உரசியது.

சளப்... சளப்...

கடைக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். வேனில் ஏறியதும் ஜன்னல் வழியே வாந்தியெடுத்தேன். டிரைவர் அண்ணன் என் கையைப் பார்த்தார். உடனே வண்டியைக் கிளப்பினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா மையத்துக்கு ஓடிவந்தார். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர்களை அன்றே அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அவர் மட்டும் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனார். போகும்போது ஒரு டப்பா கேட்டார். கொடுத்தேன்.

கடைக்குட்டியின் கைக்கு மருந்து போட்டது எங்கள் மையத்து நர்ஸ் அக்கா. முன்பு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். பிள்ளைகளின் அப்பா போனதும் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவர எனக்குத் தெரியும். அவர் மனைவி எங்க வார்டுலதான் இருந்தாங்க. செத்து ஏழு மாசம் ஆச்சு."

நான் புறங்கையை முந்தானையில் மறுபடி துடைத்துக்கொண்டேன்.

"தொண்டையில கட்டி. கடைசி நாப்பது நாள் வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. எல்லாம் குழாய்லதான். பாவம், பசி பசின்னு கெடந்தாங்க. யாராவது சாப்பாட்டுத் தட்டோட கட்டிலுக்குப் பக்கத்துல போனா, எட்டிக் கையப் பிடிச்சுக்குவாங்க."

"பிடிச்சு?"

நர்ஸ் அக்கா என் கையைப் பார்த்தார்.

"விடமாட்டாங்க. நக்கிக்கிட்டே இருப்பாங்க."