முட்டி தாண்டிய மோதிரம்

என் சகலையின் விரல்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மனைவியின் அக்கா கணவர். மற்றபடி எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதர். ஆனால் அந்த விரல்கள் பிஞ்சு வெண்டைக்காய் போல அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகப் போகும். என்னுடையவை இஞ்சி. நடுவில் முட்டி புடைத்திருக்கும், அதற்கு மேலே அதன் தம்பி. குடும்பப் போட்டோக்களில் என் கை எப்போதும் யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

மாமனாரின் மணிவிழாவுக்கு மாப்பிள்ளைகள் இருவருக்கும் ஒரே எடையில், ஒரே மாதிரி மோதிரம் போடுவதென்று முடிவானது. பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா. மாமியார் நூல் எடுத்துவந்து என் மோதிர விரலின் அடியில் சுற்றி, அளவு வைத்து வெட்டிக்கொண்டு போனார். என் கையிலேயே ஒல்லியான இடம் அதுதான் என்பது மோதிரம் வந்த பிறகே எங்களுக்கு உறைத்தது. மெல்லிய கம்பி, நடுவில் பொடிக்கல். சகலைக்கு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எனக்கு முட்டியிலேயே நின்றுவிட்டது.

“கைய நல்லா நீட்டுங்க,” என்றாள் மனைவி.

“இதுக்கு மேல நீட்டினா தோள்பட்டை கழண்டுடும்.”

மாற்றுவதற்காக பெங்களூரு மல்லேஸ்வரத்து நகைக்கடைக்குப் போனோம். சகலையும் கூடவே வந்தார், உதவிக்காம். அதே கம்பி மோதிரத்தைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தேன். முட்டியைத் தாண்டியதும் தொளதொளவென்று சுழன்று, கல் உள்ளங்கைப் பக்கம் போய் ஒளிந்துகொண்டது.

“நூல் சுத்திக்கலாமே,” என்றாள் மனைவி.

சாம்பாரில் ஊறி மஞ்சளான நூலோடு சபையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். இதற்குள் சகலை தட்டிலிருந்த மோதிரங்களைச் சும்மா ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க, எல்லாமே அவருக்கென்று செய்தது போல இருந்தன.

“மாமாவுக்கு எதைப் போட்டாலும் எடுப்பா இருக்கு, இல்ல?” என்று என்னிடமே கேட்டாள் மனைவி.

விற்பனைப் பெண் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒல்லியா போட்டா முட்டிதான் சார் முதல்ல தெரியும். பட்டையா எடுங்க. கல்லு விரல் வாட்டத்துல நீட்டமா இருக்கட்டும். உள்பக்கம் சின்னதா ரெண்டு குண்டு வெச்சுத் தர்றோம், சுத்தாது. போடறப்போ ஸ்வல்ப டைட்டா இருக்கும், அவ்ளோதான்.”

எடை மாறாமல், பட்டையான வளையத்தில் நீள்வட்டப் பச்சைக்கல் வைத்து வாங்கினோம். மணிவிழாவன்று அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால், என் முட்டிகள் முதல் தடவையாக அடக்க ஒடுக்கமாக இருந்தன. உறவுக்காரர்கள் என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். சகலையின் கம்பி மோதிரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பாயசம் இன்னும் இரண்டு கிண்ணம் இறங்கியது.

அப்போதுதான் சகலை வந்தார். “கொஞ்சம் கழட்டுங்க சகல, ஒரு வாட்டி போட்டுப் பாத்துட்டுத் தரேன்.”

அது அவர் விரலில் ஏறினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மனைவியும் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

“வரமாட்டேங்குது சகல. முட்டி விடல.”

“சோப்பு போட்டா வந்துரும்,” என்றாள் மனைவி.

“சோப்புக்கெல்லாம் வராது,” என்றேன். விரலை லேசாக மடக்கி, முட்டியை இன்னும் கொஞ்சம் புடைக்க வைத்துக்கொண்டு, போட்டோக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.