கத்தி என்று எழுதிய தோல்கள்

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் தோல் தொழிலில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். செலக்‌ஷன் மாஸ்டரா, அவர் எழுதினால் எழுதினதுதான் என்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷில் என் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதில்தான். கம்பெனி என்னை இத்தாலிக்கு அனுப்பியது, அதற்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. டிகிரி வாங்கியவர்கள் நாலு பேர் அதே கம்பெனியில் இருந்தார்கள். அனுப்பியது என்னைத்தான்.

என் வேலை தோலைத் தரம் பிரிப்பது. வடக்கு ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேஜை. ஷேவிங் மெஷினில் கனம் சீவி முடித்த ஆட்டுத்தோல், குரோம் மருந்தில் ஊறிய ஈரமும் நீலமுமாக வந்து விழும். புரட்டிப் பார்க்க வேண்டும், விரலால் தடவ வேண்டும், கறி ஒட்டியிருந்த பக்கத்தில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட வேண்டும். அந்த நம்பரை வைத்துத்தான் அது ஷூவாகப் போகுமா, பெல்ட்டாகப் போகுமா, கையுறையாகப் போகுமா என்பது முடிவாகும். ஒரு தோலுக்கு எனக்கு ஏழெட்டு நொடி போதும்.

ஒரு முறை வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் என்னைச் சோதிக்கப் பார்த்தான். நான் நம்பர் போட்ட இருபது தோலை எடுத்துப் போய்ச் சாக்பீஸ் எழுத்தை ஈரத்துணியால் துடைத்து, மறுநாள் வேறு தோலோடு கலந்து கொண்டுவந்து போட்டான். பத்தொன்பதுக்கு அதே நம்பரைப் போட்டேன். ஒன்றுக்கு மட்டும் மாறியது. அவன் சிரித்தான். நேற்று மேகம் மூடியிருந்தது, இன்றைக்குத்தான் வெளிச்சம் சரி, இன்றைக்குப் போட்ட நம்பர்தான் நிஜம் என்றேன். அவன் லென்ஸை எடுத்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இது பெரிய விஷயமில்லை. கூர்ந்து பார்க்கிற கண் நிறையப் பேருக்கு உண்டு. ஆனால் தோலைப் பார்த்தால் ஆளும் தெரியும். எந்தத் தப்பு எந்த மெஷினில், யார் கையில் நடந்தது என்பது என் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் எத்தனை பேருடைய சோறு என் சாக்பீஸில் இருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் இருந்த மாஸ்டர் மேஜை மேல் ஏறி நின்று அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுவார். நான் அந்த நாற்காலிக்கு வந்ததும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒருத்தன் தப்பு செய்தால் தோலில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். ஆளை நாலு பேர் எதிரில் கூப்பிட மாட்டேன். மெஷின் நின்ற பிறகு நானே அவனிடம் நடந்து போய், அவன் காதுக்கு மட்டும் சொல்வேன். இருபத்தாறு வருடத்தில் என் வாயால் ஒருத்தன் அவமானப்பட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. சத்தம் போடாமலே எனக்குப் பயந்தார்கள். பயந்தார்கள் என்பதை விட, மதித்தார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடிக்க மாட்டேன். தோல் வியாபாரி வாங்கித் தந்தால் அதற்கு ஒரு அர்த்தம் வரும். தொழிலாளி வாங்கித் தந்தால் அதற்கு இன்னொரு அர்த்தம் வரும். கல்யாணத்துக்குப் போவேன், மொய் வைப்பேன், சாப்பிடாமல் வந்துவிடுவேன். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் குழம்பை ஒருத்தர் ஊற்றிக்கொள்ளும்போது, நான் கெமிக்கல் ஸ்டோருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒரே ஒருத்தனோடு மட்டும் சாப்பிட்டேன். அவன் மூன்றாம் நம்பர் ஷேவிங் மெஷின் ஆபரேட்டர். நானும் அவனும் ஒரே தெரு, ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், சுண்ணாம்புத் தொட்டியில் சேர்ந்து கால் புண்ணானவர்கள். அவன் தோலில் எனக்கு எழுத ஒன்றுமே இருக்காது. கனம் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர், வால் முதல் கழுத்து வரை. அதனால் அவனோடு சாப்பிட்டால் தப்பில்லை என்று எனக்கு நானே விதிவிலக்கு கொடுத்துக்கொண்டேன். அவன் என்னை ஒருநாளும் மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. "வந்துட்டார்யா கலெக்டரு, இலை போடுங்க" என்பான். அந்தக் கிண்டலுக்காகவே எனக்குப் பகல் பன்னிரண்டரை மணி எப்போது ஆகும் என்று இருக்கும்.

அவனுக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது அவன் தோலில் வெட்டு வர ஆரம்பித்தது.

முதலில் வாரத்துக்கு ஒன்று. பிறகு நாளைக்கு மூன்று, நான்கு. சின்ன வெட்டுதான், அரை விரல் நீளம். சாப்பிடும்போது கவனித்தேன். இடது கை ஆடியது. டப்பா மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்தான். டம்ளரை முழுக்க நிரப்பாமல் பாதி தண்ணீர் ஊற்றிக்கொண்டான். எனக்குத் தெரியக்கூடாது என்று அவன் பாடுபட்டான்.

ஷேவிங் மெஷின் என்றால் சுழல்கிற உருளை முழுக்க பிளேடு. தோலை இரண்டு கையாலும் பிடித்து அதற்குள் கொடுத்து வாங்க வேண்டும். கை ஆடினால் முதலில் தோல் வெட்டுப்படும், அப்புறம் விரல். அந்த மெஷினில் விரல் விட்ட மூன்று பேரை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கே அவன் பக்கத்தில் போய் நின்றிருப்பேன். இவனிடம் போகவில்லை. மெஷினை விட்டு இறங்கு என்று இவனிடம் எப்படிச் சொல்வது? அந்த மெஷின்தான் அவனுக்குப் பெயர். அவனைப் போல ஷேவிங் பண்ண இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது என்று முதலாளி பத்துப் பேர் எதிரில் சொல்லியிருக்கிறார்.

அதனால் வேறு ஒன்று செய்தேன். தோலில் வெட்டு இருந்தால் அது இரண்டு வகையில் வரும். ஆட்டை உரிக்கிறவன் கத்தி பட்டு வருவது ஒன்று. எங்கள் மெஷினில் விழுவது இன்னொன்று. கத்தி வெட்டு சுண்ணாம்பில் ஊறி வருவதால் ஓரம் மழுங்கியிருக்கும். மெஷின் வெட்டின் ஓரம் நகத்தைக் கீறும். முதலாவதற்கு "கத்தி" என்று எழுதுவேன், அது தோல் கொடுத்த வியாபாரி தலையில் விழும். இரண்டாவதற்கு "மெஷின்" என்று எழுதுவேன். இவன் தோலுக்கெல்லாம் நான் கத்தி, கத்தி, கத்தி என்று எழுதினேன். இரண்டு மாதம். யார் வந்து என்னைக் கேட்கப் போகிறார்கள்? எழுதுவது நானாயிற்றே.

யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

மேல்விஷாரத்திலிருந்து எங்களுக்குப் பச்சைத்தோல் கொடுக்கிற பாய் ஒருத்தர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒருநாள் காலையில் மேஜைக்கு வந்து சலாம் சொல்லிவிட்டு நின்றார். கத்தி வெட்டு ஜாஸ்தி என்று கம்பெனியிலிருந்து போனில் போட்டோ அனுப்பியிருந்தார்களாம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுக்கங்க மாஸ்டர்" என்றார். "நமக்கு உரிச்சுக் குடுக்கறது ஆற்காடு பக்கத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. பதினைஞ்சு வருசமா அவங்கதான். எங்க கத்தி இல்ல பாய், பட்டிருக்காதுன்னு அழுதாங்க. நான் போட்டோவை எடுத்துக் காட்டினேன். பாரு, இது யாரு எழுத்து தெரியுதா, மாஸ்டர் எழுத்து, அப்புறம் இன்னா பேச்சுன்னு நிறுத்திட்டேன். வேற ஆளு வெச்சுட்டேன். இனிமே வராது."

எனக்குக் கையிலிருந்த தோல் கனத்தது. அவர் ஒரு தோலையாவது கையில் வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே தோலில் புழங்கிய மனிதர். என் எழுத்தைப் பார்த்ததும் தோலைப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க நான் எத்தனை வருடம் டீ குடிக்காமல் இருந்தேன்.

அவரை ஆபீஸில் உட்காரச் சொல்லிவிட்டு நேராக மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் போனேன். என் மேஜையிலிருந்து அது முப்பது அடிகூட இருக்காது. அவன் என் முகத்தைப் பார்த்ததுமே மெஷினை நிறுத்தினான்.

"உன் கை ஆடுதுடா" என்றேன்.

"தெரியும்."

"ரெண்டு மாசமா ஆடுது. உன் வெட்டையெல்லாம் நான் கத்தின்னு எழுதிட்டேன்."

உருளை சுற்றி ஓய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டு மாசமா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டே பக்கத்துல உக்காந்து சோறு துன்னுட்டு இருந்த."

உன்னைக் காப்பாற்றத்தான் என்று ஏதோ சொன்னேன். அவன் குரலை உயர்த்தவில்லை.

"வேற எவனுக்காவது ஆடியிருந்தா வந்து சொல்லியிருப்ப இல்ல? இறங்குடா, விரல் பூடும்னு அவன் காதுல சொல்லியிருப்ப. எல்லாருக்கும் மரியாதை குடுப்ப. எனக்கு மட்டும் சாக்பீஸ்ல பிச்சை போட்டியா?"

பாயிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன், அதற்குள் நீயே கை முடியவில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டால் கௌரவமாக இருக்கும், பேக்கிங்கில் நான் பேசி இடம் வாங்கித் தருகிறேன் என்றேன். அவன் ரப்பர் ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். கை ஆடியதில் அவிழவில்லை. நான் அவிழ்க்கக் கையை நீட்டினேன். "வேணாம்" என்றான். பல்லால் கடித்து அவிழ்த்து, மெஷின் மேல் மடித்து வைத்துவிட்டு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். மேனேஜர் ரூம் இருக்கிற பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் போய்ச் சொன்னதும் மேனேஜருக்கு விஷயம் பிடிக்கவில்லை. படித்த மனிதர், நல்லவர். "பாயே ஒத்துக்கிட்டாரு, இப்ப இன்னாத்துக்கு மாஸ்டர் கிளறுறீங்க? உங்க பேரு பேஜாராயிடும்" என்றார். குடோனில் மீதி இருந்த தோலைக் கொண்டுவந்து போடச் சொன்னேன். பாயை என் பக்கத்தில் நிற்க வைத்து, அவர் விரலைப் பிடித்து ஒவ்வொரு ஓரத்திலும் தடவ வைத்தேன். கத்தி என்று இருந்ததை அடித்துவிட்டு மெஷின் என்று எழுதினேன். நாற்பது தோலுக்கு மேல். முழு செக்‌ஷனும் பார்த்துக்கொண்டு நின்றது. அத்தனை வருடமாக யாரையும் நாலு பேர் எதிரில் நிறுத்தாதவன், அன்றைக்கு என்னை நிறுத்திக்கொண்டேன்.

பாய் கோபப்படவில்லை. அன்றைக்கே ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பினார். தம்பி திரும்பி வந்தான். அண்ணன் அதற்குள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான், வரவில்லை.

என் பெயர் கெடவில்லை. அதுதான் வேடிக்கை. தன் தப்பையே எழுதுகிற மாஸ்டர் என்று இன்னும் பெரிதாகப் பரவியது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, இன்றும் இரண்டு கம்பெனிக்குள் தகராறு என்றால் கார் அனுப்பி என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் மட்டும் கெமிக்கல் ஸ்டோருக்குப் பின்னால் டப்பாவைத் திறந்தால் சாப்பாடு இறங்காது. பல நாள் காக்கைக்குப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அவன் வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறை அவன் இல்லை என்றார்கள். மூன்றாவது முறை அவன் மனைவி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சேனலை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

போன தை மாதம் முதலாளி வீட்டுக் கல்யாணம், வாணியம்பாடி ரோட்டில் ஒரு பெரிய மண்டபம். கம்பெனிக் காரில் போய் இறங்கினேன். கேட்டில் வாட்ச்மேன் நீலச் சட்டையும் விசிலுமாக அவன் நின்றிருந்தான். இளைத்திருந்தான். சர்க்கரை என்று கேள்விப்பட்டிருந்தேன். கிட்டே போய், எப்படிடா இருக்கே என்றேன்.

"நல்லா இருக்கேங்க. உள்ள போங்க, பந்தி ஆரம்பிச்சுட்டாங்க."

நாற்பது வருடத்தில் அவன் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் மரியாதை அது. நான் உள்ளே போகாமல் சுவர் ஓரமாக நின்றேன். ஒரு கார் பின்னால் வந்தது. அவன் ஓடிப்போய் அதற்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் உயர்த்தி, வா வா வா என்று சைகை காட்டினான். இடது கை ஆடியது. கார் டிரைவருக்கு அதனால் ஒன்றுமில்லை, சரியாக வந்து நிறுத்தினான். அடுத்த கார் வந்தது. அதற்கும் ஓடினான். ஏழெட்டு கார் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் மொய்க் கவரை உள்ளே கொடுத்துவிட்டு, பந்தியில் உட்காராமல், பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.