குளிரில் பிரியாத செல்கள்

ஏழுமலை காலமானார் என்னும் அஞ்சலட்டை எனக்குக் கிடைத்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. ஜவ்வாது மலையின் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பித்த அவரை உங்களில் பலர் சக ஆசிரியராக நெடுநாள் அறிவீர்கள். செய்முறைத் தேர்வு நடத்தச் சென்ற புறத்தேர்வாளனாக நான் அறிந்தது இரண்டே நாள்கள்.

எண்பதுகளின் தொடக்கம், தை மாதக் குளிர். அப்பள்ளியிலிருந்து முதன்முறையாக மேல்நிலைத் தேர்வுக்கு வந்த மாணவர்கள் ஒன்பது பேர். வெங்காய வேரின் நுனியை நசுக்கிச் சாயமேற்றி, செல் பிரிதலின் நிலைகளை நுண்ணோக்கியில் கண்டு வரைய வேண்டும். ஒன்பது பேரும் பிரியாத செல்களையே வரைந்திருந்தனர். நுண்ணோக்கியை எட்டியும் பாராமல் பென்சிலால் ஒன்பது சுழியங்கள் இட்டேன். அவை மையில் ஏறினால் சிலர் தேற மாட்டார்கள் என்பது எனக்கும் அருகில் நின்ற ஏழுமலைக்கும் தெரியும்.

காரணம் கேட்டேன். ஒரு மாணவி முந்திக்கொண்டாள்: "குளுருக்கு எங்களாட்டமே அதுவும் சுருண்டு படுத்துக்கிச்சுங்க சார்."

அவள் சொல்வது சரி என்றார் ஏழுமலை. நுனிச் செல்கள் பிரிந்து பெருகுவதால்தான் வேர் நீளுகிறது. கடுங்குளிரில் அவ்வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வேர்விட நீரில் வைத்த வெங்காயக் குவளைகளைச் சன்னலோரம் விட்டது தம் பிழை என்றும் ஒப்புக்கொண்டார்.

அலமாரியில் கடையில் வாங்கிய ஆயத்த ஸ்லைடுகள் இருந்தன. அவற்றைப் பார்த்து வரையட்டுமே, நானும் மாலைப் பேருந்தில் மலையடிவாரத்துச் செங்கத்துக்கு இறங்கிவிடலாமே என்றேன். விதி தவறாதவன் எனப் பெயரெடுத்த நான்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "பசங்க செஞ்ச ஸ்லைடுல இன்னா இருந்துச்சோ அதத்தாங்க வரைஞ்சிருக்காங்க. பாக்காதத பாத்தேன்னு எழுத நான் பழக்கலீங்க. தேர்வுக்கு ரெண்டு நாளு குடுத்திருக்காங்க. காலைல வரைக்கும் இருங்க."

தங்கினேன். குவளைகள் விடுதிச் சமையலறைக்குப் போய், அடுப்படியின் இளஞ்சூட்டில் இருந்தன. மறுநாள் பத்து மணிக்குப் புதிதாக வேர்களை வெட்டினார்கள். அதே மாணவி தலை நிமிராமல், "சார், பாதி இந்தாண்ட, பாதி அந்தாண்ட பிரிஞ்சி நிக்குதுங்க" என்றாள். இம்முறை நான் குனிந்து பார்த்தேன். குரோமோசோம்கள் செல்லின் இரு முனைகளிலும் சமமாக ஒதுங்கியிருந்தன. தன்னிடமுள்ளதை முதலில் இரட்டித்து, பிறகே பிரிந்து, இரண்டுக்கும் குறைவின்றித் தரும் அந்த ஒழுங்கைப் பல்லாண்டு கற்பித்திருக்கிறேன், அன்றுதான் வியந்தேன்.

சுழியங்களை அழித்தேன்.

இன்றும் தேர்வுக் கூடத்தில் யாரேனும் "ஒண்ணும் தெரியலீங்க" என்றால், மதிப்பெண் பட்டியலைத் தொடும் முன் அவர் முன்னிருக்கும் நுண்ணோக்கியில் என் கண்ணை வைக்கிறேன். ஏழுமலையிடமிருந்து நான் பெற்றது அது.